இல்லத்தில் இரு விரிப்புகள்

மெத்தை வாங்குவதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் வியக்கலாம். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். நபி (ஸல்) அவர்களின் விரிப்பு ஈச்ச நார் நிரப்பிய தோலால் ஆனது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை மத்ரஸாவில் பாடமாக நடத்தும் நாம், அந்த எளிமையைப் பேணுவதாகக் கருதி, பலகை போன்ற தென்னை நார் மெத்தையையே இல்லத்தில் வைத்திருந்தோம். மல்லாந்து உறங்கும் நமக்கு அது சுகமாகவே இருந்தது. ஒருக்களித்து உறங்கும் நம் துணைவியாருக்கோ தோளும் இடுப்பும் அழுந்தி வலித்தன. அவர் சொல்லவில்லை; நாம் கேட்கவுமில்லை. பேணுதல் நம்முடையதாகவும் வலி அவருடையதாகவும் பல ஆண்டுகள் கழிந்தன.

பிறகு ஸ்பிரிங் மெத்தை வாங்கினோம். கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று பிணைந்த மலிவான வகை. தஹஜ்ஜுதுக்கு நாம் எழும்போதெல்லாம் மெத்தை முழுவதும் அசைந்தது. கைக்குழந்தையை உறங்கவைத்துச் சற்றுமுன் கண்ணயர்ந்தவர் விழித்துக்கொள்வார். ஓர் இரவு நபி (ஸல்) அவர்கள் பகீஉ அடக்கத்தலத்திற்குப் புறப்பட்டபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் உறங்கிவிட்டதாக எண்ணி, மேலாடையை மெதுவாக எடுத்து, காலணியை மெதுவாக அணிந்து, கதவைத் திறந்து வெளியேறி, அதை மெதுவாகச் சாத்திச் சென்றார்கள் என்ற முஸ்லிம் நூலின் அறிவிப்பு அப்போதுதான் நம்மைச் சுட்டது. அதைப் பலமுறை ஓதிக் கொடுத்தவர்கள் நாம்!

கடையில் விசாரித்தபோது சில செய்திகள் தெரியவந்தன. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் அமைந்த பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையில் ஒருவரின் அசைவு மற்றவரை அவ்வளவாக எட்டுவதில்லை. மெமரி ஃபோம் அசைவை நன்கு அடக்கும்; ஆனால் உடற்சூட்டைத் தேக்கும், நம் ஊர்ப் புழுக்கத்திற்கு அது பெருஞ்சோதனை. உடல் எடை மிகுந்தவர் அதிகம் அமிழ்வார் என்பதால், ஒருவருக்கு மென்மையாகத் தோன்றும் மெத்தை மற்றவருக்குக் கடினமாகத் தோன்றக்கூடும். எனவே இருவரும் படுத்துப் பார்த்தே வாங்க வேண்டும் என்கிறார்கள். அந்நிய ஆண்கள் நடமாடும் கடையில் நம் பெண்கள் எப்படிப் படுத்துப் பார்ப்பார்கள்? வீட்டில் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்துத் திருப்பித் தர அனுமதிக்கும் நிறுவனங்கள் உள்ளன. அந்த நிபந்தனையை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

இறுதியில் நாம் வாங்கியது 36 அங்குல அகலமுள்ள இரு ஒற்றை மெத்தைகள். ஒரே கட்டிலில், 72 அங்குலத்திற்குள், நமக்குத் தென்னை நார், அவருக்கு மென்மையான லேடெக்ஸ். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இருவருக்கும் மனத்தாங்கலா?" என்று காதோடு கேட்டார். கணவருக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு மூன்றாவது, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி முஸ்லிம் நூலில் உள்ளதை அவருக்கு எடுத்துரைத்தோம். நோய் போன்ற வேளைகளில் தம்பதியர் இருவருக்கும் தனித்தனி விரிப்பு தேவைப்படலாம் என இமாம் நவவி (ரஹ்) அவர்களும் அதற்கு விளக்கம் எழுதியுள்ளார்கள். அங்கே கண்டிக்கப்படுவது தேவைக்கு மிஞ்சிய பகட்டுதான். துணையின் முதுகுவலிக்குச் செலவிடுவதை வீண்விரயம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நடுவில் தெரியும் இடுக்கின் மீது கனத்த விரிப்பொன்றை மடித்துப் போட்டிருக்கிறோம். நம் இளைய மகன் உறங்குவது அதன்மீதுதான்.