கங்கி பேசாத பேச்சு

பிரேம்சந்த் 1932இல் இந்தியில் எழுதிய ‘தாக்கூரின் கிணறு’ கதையை வாசித்த தோழர்கள் சிலர், கங்கியை அவர் ஊமையாக்கிவிட்டார் என்கிறார்கள். தாக்கூரை எதிர்த்து ஒரு வார்த்தைகூடப் பேசலியாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கதையில் யாருடைய பேச்சு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சீக்காளிப் புருஷன் ஜோக்குவுக்கு வைத்திருந்த தண்ணி நாறுகிறது. தாக்கூர் கிணற்றுக்குப் போகிறேன் என்கிறாள். அடிபட்டுத்தான் திரும்புவாய் என்று அவன் தடுக்கிறான். பார்த்தால் புருஷன் போடும் கட்டளை. ஆனால் தாக்கூர் விதித்த தடைதான் நம்மாள் வாய்வழியாக வருகிறது. கங்கி பதிலே சொல்வதில்லை. ராத்திரி குடத்தோடு கிளம்பிவிடுகிறாள். தாக்கூரும் பண்டிதரும் சாகுவும் எதில் உசத்தி, திருட்டிலா, சூதிலா, கலப்படத்திலா என்று அவள் கேட்பதெல்லாம் மனசுக்குள்தான்.

அவள் மரத்தடி இருட்டில் பதுங்கியிருக்கும்போது மேல்சாதிப் பெண்கள் இருவர் தண்ணீர் எடுக்க வருகிறார்கள். ஆம்பிளைகள் தங்களை அடிமை மாதிரி ஏவுவதாகப் பொருமுகிறார்கள். நியாயமான பொருமல்தான். ஆனால் வாய்விட்டுப் பொருமவும் ஒரு இடம் வேணுமே! அவர்களுக்குக் கிணற்றடி இருக்கிறது. நாலு எட்டு தள்ளி நிற்கும் கங்கி மூச்சுகூட விட முடியாது. பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூவரையும் அடைப்பவர்கள் இந்த இடத்தைத் திரும்ப வாசிக்கட்டும்.

குடம் கைக்கு எட்டும் நேரம் தாக்கூர் வீட்டுக் கதவு திறக்கிறது. கயிறு நழுவுகிறது. அதற்கப்புறம்தான் அவர் யார் என்று கேட்டபடி வருகிறார். இது கேள்வியா? பேரைச் சொன்னாலே குற்றம் ஒப்புக்கொண்ட மாதிரி. சொல் செயலாக வேண்டுமானால் சொல்லும் ஆளும் சூழலும் பொருந்த வேண்டும் என்றார் ஜே.எல். ஆஸ்டின், 1955 ஹார்வர்டு உரைகளில். இங்கே அந்தப் பொருத்தத்தை எழுதி வைத்திருப்பது சாதி. வங்கிக் கவுண்டரிலும் பார்க்கிறேன்: ‘யாரு’ என்பது சிலருக்கு விசாரிப்பு, துண்டைக் கக்கத்தில் இடுக்கி நிற்பவருக்கு அதட்டல்.

சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று மகத் நகராட்சி 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானமும் ஒரு பேச்சுச்செயல்தானே? 3 வருசமாக அது வெறும் காகிதம். 1927 மார்ச் 20இல் அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கானோர் போய்த் தண்ணீர் குடித்தார்கள். திரும்பியவர்களை மேல்சாதியினர் அடித்தார்கள். அதே வருசம் நகராட்சி தீர்மானத்தை வாபஸ் வாங்கியது. அத்தனை பேர் குரலுக்கே அந்தக் கதி. தனியாளாக நின்ற கங்கி யாரிடம், என்ன பேசியிருக்கணும்?

பிரேம்சந்தோடு எனக்கு வழக்கு வேற. தண்ணீரைக் காய்ச்சினால் கெடுதி போகும் என்பது கங்கிக்குத் தெரியாது என்று அவரே நடுவில் புகுந்து சொல்கிறார். அவள் தலைக்கு மேலாக, படித்த வாசகரிடம் பேசுகிற பேச்சு அது. தோழர்கள் சண்டை பிடிக்க வேண்டிய வரி அதுதான்.