நல்ல துரையும் பொண்டெரோசாப் பண்ணையும்

அமெரிக்கக் குதிரைவீரர் நாடகங்களைப் பற்றி எம் மாணவர் மத்தியில் வழங்கும் அபிப்பிராயங்களுள் மிகப் பிழையானது, மிகுந்த நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதேயாகும். அவை வெறும் துப்பாக்கிச் சண்டைகள் என்று ஒதுக்குவோரோடு எமக்கு வழக்கில்லை. அவர்கள் அவற்றைப் பார்ப்பதுமில்லை. 'பொனான்சா' என்னும் தொடரின் பழைய அங்கமொன்றை அண்மையிற் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்திலேயே எத்துணை முற்போக்கு!" என்று வியந்தாரே, அவரோடுதான் எமக்கு வழக்கு. அவ்வாறு வியந்தவர்களிலே மலையகத்தவரும் இருந்தனர் என்பதே எம்மை எழுதத் தூண்டியது.

1959 முதல் 1973 வரை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய தொடர் அது. நெவாடாவில், தாகோ ஏரியை ஒட்டிய பொண்டெரோசா என்னும் பெரும் பண்ணை; அதன் உரிமையாளர் பென் கார்ட்ரைட்; அவருக்கு மூன்று புதல்வர். நண்பர்கள் வியந்த அங்கம் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் வெளிவந்தது. கறுப்பினத்தவரான தொமஸ் பவர்ஸ் என்னும் இசைநாடகப் பாடகர் வேர்ஜினியா நகருக்குப் பாட வருகின்றார். அவரது நிறத்தைக் கண்டதும் ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றது. தப்பியோடிய அடிமையோ என்ற ஐயமும் எழுகின்றது. பண்ணையாரின் நடுமகன் ஹோஸ் அவருக்குத் துணைநிற்கின்றான். பவர்ஸ் கற்பனைப் பாத்திரமல்லர். 1885இல் மறைந்த பிலடெல்பியாப் பாடகர். அவராக நடித்த வில்லியம் மார்ஷலின் கம்பீரம் எவரும் மறக்கக்கூடியதன்று. விளம்பரம் வழங்கிய மோட்டார் நிறுவனம் இவ்வங்கத்தின் பொருட்டு விலகிக்கொள்ள முனைந்ததென்றும் கறுப்பின உரிமை இயக்கத்தின் தலையீட்டினால் அது பணிந்ததென்றும் கூறுவர். ஆக, இதனை எடுத்தோர்க்குத் துணிவு இருந்தது. அதனை நாம் மறுக்கவில்லை.

எமது வினா வேறு. அந்நாடகத்தில் நீதி எங்கிருந்து வருகின்றது? 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் கறுப்பு மனிதன் எவனையும் ஐயத்துக்குரியவனாக்கிற்று. 1857இல் திரெட் ஸ்கொட் வழக்கிலே உயர்நீதிமன்றம் கறுப்பர் குடிமக்களாகவே முடியாதென்று தீர்ப்பளித்தது. இத்தகைய சட்டங்களின் நடுவே அகப்பட்ட மனிதனுக்குப் பண்ணையார் மகனின் நல்ல மனமே கதியென்று நாடகம் காட்டுகின்றது. பார்வையாளன் ஹோஸின் தோள்மேல் ஏறியிருந்து உலகைப் பார்க்கின்றான். அநீதி எனப்படுவது சில கெட்ட மனிதரின் குணக்கேடு. நல்லவரொருவர் குறுக்கிட்டால் அது தீர்ந்துவிடும். இதைத்தான் எம் நண்பர்கள் முற்போக்கு என்கின்றனர்.

பூண்டுலோயாவிற் பிறந்தவனுக்கு இக்கதை புதிதன்று. எங்கள் லயங்களிலே முதியோர் வாயில் இதே கதை தமிழில் வழங்குகின்றது. அதன் பெயர் 'நல்ல துரை.' ஒரு நல்ல துரை இருந்தாராம்; பிள்ளைத்தாய்ச்சியைப் பெரட்டுக்களத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பினாராம்; அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையை ஏசி முழுப்பேர் போடவைத்தாராம். அக்கதைகள் பொய்யல்ல. ஆனால் அரைப்பேர் போடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று அவை கேட்பதில்லை. 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் தொழிலாளி ஒருவன் தோட்டம் மாற முடியாதிருந்த காலத்தை நல்ல துரைமார் முடித்துவைக்கவில்லை. 1921இல் சட்டம் திருத்தப்பட்டே அது ஒழிந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தனைப் பற்றி எத்தனை லயங்களிற் கதை சொல்லப்படுகின்றது? துரையின் கருணை நினைவில் நிற்கிறது; தொழிலாளியின் போராட்டம் மறைகிறது. இந்த மறதிக்குத் தொலைக்காட்சியும் துணைபோக வேண்டுமா?

பொண்டெரோசாவின் குசினிக்குள் ஒருவர் இருக்கின்றார். ஹொப் சிங் என்னும் சீனச் சமையற்காரர். விக்டர் சென் யுங் என்ற நடிகர் அவ்வேடத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கினார். உடைந்த மொழியிற் கத்துவார், ஊருக்குப் போய்விடுவதாக மிரட்டுவார், எசமானர் சிரிப்பர், பார்வையாளரும் சிரிப்பர். எங்கள் பங்களா அப்புமாரை நினையாமல் அவரைப் பார்க்க என்னால் இயலாது. கலிபோர்னியாவிலிருந்து மலைகளைக் குடைந்து இருப்புப்பாதை அமைத்த சீனத் தொழிலாளர் பல்லாயிரவர். 1867இல் அவர்கள் கூலியுயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, நிருவாகம் உணவை நிறுத்தி அவர்களைப் பணியவைத்தது. அதே 1867இல்தான் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1882இல் சீனரை விலக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. அது 1943 வரை நீடித்தது. அந்த ஹொப் சிங்கின் பார்வையில் எழுதப்பட்ட 'பொனான்சா' எப்படியிருந்திருக்கும்? 1972இல் வந்த ஓரங்கம் அதனைத் தொட்டுப்பார்த்தது. ஹொப் சிங் வெள்ளையினப் பெண்ணொருத்தியை மணக்க விரும்புகின்றார், சட்டம் தடுக்கின்றது. நல்ல எசமானரால் அங்கே ஆவதொன்றுமில்லை. எம் நண்பர்கள் வியக்க வேண்டியிருந்தால் இதை வியந்திருக்கலாம்; இதிலேதான் நாடகம் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகின்றது.

"பழைய படைப்பை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது" என்பது மறுப்போரின் வழக்கமான கவசம். அன்றைய அளவுகோல் எது? தொமஸ் பவர்ஸ் திரையில் வந்த அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட எம்மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குத் தீர்க்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவராம். எங்கள் அயலிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர், கருணையையல்ல, உரிமையையே அன்று கேட்டனர். அங்கே கறுப்பின மக்களும் தெருவில் இறங்கி அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தனர். அந்த அளவுகோல் அன்றே கையில் இருந்தது. இன்று நாம் புதிதாகச் செய்து நீட்டியதன்று அது.

என்னை மறுக்க விழைவோருக்கு வலிமையான ஒரு கேள்வியை நானே எடுத்துத் தருகின்றேன். தாகோ ஏரி வாஷோ மக்களின் தாயகம். பண்ணை அவர்களது நிலத்தில் நிற்கிறது என்பதை ஹொப் சிங்கும் பேசுவதில்லை. எங்கள் தேயிலையோ, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு கண்டிச் சிங்களக் கிராமத்தவர் கையினின்றும் நழுவிய மலைகளில் நிற்கிறது. சட்டமியற்றியவர் நாமல்லர், இலாபம் கண்டவரும் நாமல்லர். எனினும் பள்ளத்தாக்கில் வாழும் கிராமத்தவனின் கண்ணுக்கு நாமும் பண்ணையோடு சேர்ந்தவர்களாகவே தோன்றியிருப்போம். மலையகத்து விமர்சகர்கள் இதை அதிகம் பேசவில்லை, பேசுவது எளிதுமன்று.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது, பிதுருதலாகலை உச்சியில் அதன் கோபுரம் எழுந்தது. அம்மலையின் அடிவாரமெங்கும் லயங்கள். அலைகள் எங்கள் தலைக்குமேலாகவே நாடெங்கும் செல்கின்றன. அவற்றிலே கொழுந்து பறிப்பவள் பெரும்பாலும் விளம்பரப்படத்திற் புன்னகைப்பவளாகவே வருகின்றாள். அடுத்தமுறை பழைய நாடகமொன்றை வியக்குமுன், அதில் சமைத்துக் கொடுப்பவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று எங்காவது சொல்லப்படுகின்றதா என நண்பர்கள் தேடிப் பார்க்கட்டும். நான் பார்த்த அங்கங்களில் அது இல்லை.