கோப்பைக்காகப் பேச்சா? குறை தீரப் பேச்சா?

மதுரை நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பேச்சுப் போட்டிக்குப் பஞ்சமே கிடையாது. காந்தி ஜயந்தி வந்தால் ஒரு போட்டி, நேரு பிறந்த நாள் வந்தால் ஒரு போட்டி. அரிமா சங்கம் நடத்துகிறது, ரோட்டரி சங்கம் நடத்துகிறது, குடியிருப்போர் நலச் சங்கம் நடத்துகிறது, ரசிகர் மன்றம் நடத்துகிறது. "இளம் பேச்சாளர்களை உருவாக்குகிறோம்" என்று தட்டி கட்டுகிறார்கள். ஊர்க் கனவான்கள் மேடையில் அமர்கிறார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து மூன்று நிமிஷம் பேசுகிறார்கள். மணி அடிக்கிறது. கோப்பை கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கலைகிறார்கள்.

பிள்ளைகள் பேசப் பழகுவதை நாம் எதிர்க்கவில்லை. பேசத் தெரியாத சமூகம் அடிமைச் சமூகம். தலை குனிந்தே நிற்கப் பழக்கப்பட்ட மக்களின் குழந்தை தலை நிமிர்ந்து நாலு பேர் முன் நின்றால், அதில் நம்மைவிட மகிழ்ச்சி அடைபவர் யார்? ஆனால் நாம் நான்கு கேள்விகள் கேட்கிறோம். பேசுவது யார்? எதைப் பற்றிப் பேசுகிறார்? அந்தப் பேச்சு யாருடையது? அதற்குப் பதில் சொல்வது யார்?

இந்த நான்கு கேள்விகளுக்கும் இன்றைய போட்டிகள் சொல்லும் பதில் திருப்தியாக இல்லை. ஏன் என்று சொல்லுகிறோம்.

எழுதியது ஒருவர், பேசுவது ஒருவர்

முதலில், பேச்சு யாருடையது? எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. பேச்சை எழுதுவது ஆசிரியர், அல்லது தகப்பனார், அல்லது பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவர். பிள்ளையின் வேலை மனப்பாடம் செய்வது. எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்பதுகூட எழுதித் தரப்பட்டிருக்கிறது. நடுவர் கையிலுள்ள தாளில் உச்சரிப்புக்கு மார்க், உடல் அசைவுக்கு மார்க், நேரத்துக்கு மார்க். "நீ சொன்னதில் உனக்கு நம்பிக்கை உண்டா? உன் தெருவில் அப்படித்தான் இருக்கிறதா?" என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

தலைப்பைப் பாருங்கள். தலைவர்களின் பெருமை! மகாத்மாவைப் பற்றி மூன்று நிமிஷம். போர்பந்தரில் பிறந்தார், லண்டனில் படித்தார், உண்மை பேசினார். கைதட்டல். ஆனால் இதே மதுரையில், மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22ந் தேதி அவர் தம் உடையைக் களைந்து அரை ஆடைக்கு மாறினாரே, அது ஏன் என்று கேட்டால் எத்தனை பிள்ளைகளுக்குப் பதில் தெரியும்? சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது கதர் கட்டச் சொல்லி மக்களிடம் வற்புறுத்தினார். கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்று ஏழைகள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரைத் தைத்தது. மேலமாசி வீதியில் நடந்தது அதன் விளைவு. ஏழையின் பதில் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு மனிதர் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட கதை அது. அவர் பெயரால் நடக்கும் போட்டியில் ஏழையின் பதில் பேச்சுக்கு இடமே இல்லை!

சர்க்காரே கொடுக்கும் சாட்சி

அடுத்து, வெல்வது யார்? தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் தலைவர்கள் பிறந்த நாளையொட்டிப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு ரூ. 5,000, இரண்டாம் பரிசு ரூ. 3,000, மூன்றாம் பரிசு ரூ. 2,000. இவை தவிர, பள்ளிப் போட்டியில் அரசுப் பள்ளி மாணவர் இருவருக்கு மட்டும் தலா ரூ. 2,000 சிறப்புப் பரிசு என்று தனியாக அறிவிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் இப்படி ஒரு தனிப் பரிசு ஏன் தேவைப்பட்டது? எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடும் பந்தயமாக இருந்தால் தனிப் பரிசு எதற்கு? கோடு ஒன்றல்ல என்பதை ஏற்பாடே காட்டிக்கொடுக்கிறது.

அரசுப் போட்டியில் கட்டணம் இல்லை. தனியார் மன்றங்கள் பல நடத்தும் போட்டியிலோ நுழைவுக் கட்டணம் உண்டு. பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். போட்டி நடக்கும் மண்டபத்துக்கு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்து போக ஒரு நாள் வேண்டும். கூடவே பெற்றோரில் ஒருவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். செல்லூர்த் தறிக்காரர் மகளும் அவனியாபுரம் கட்டிடத் தொழிலாளி மகனும் இத்தனையையும் தாண்டி மேடைக்கு வந்த பிறகுதான் "திறமைக்கு மட்டுமே இடம்" என்று நடுவர் சொல்லுகிறார். பலே திறமை!

அன்று பரிசு என்ன தெரியுமா?

இந்த வட்டாரத்துக்கு மேடைப் பேச்சு புதிதல்ல. அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் பேட் மதுரையில் தங்கி நம் மேடைப் பேச்சையே ஆராய்ந்து 2009ல் புத்தகம் வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு 2021ல் வெளிவந்த இன்னொரு நூல், பாதிரிமாரின் பிரசங்கத்திலிருந்து சுதேசி இயக்கத்தின் அரசியல் மேடை வரை தமிழ்ப் பேச்சு நடந்து வந்த பாதையைக் காட்டுகிறது. கோயில் மண்டபத்திலும் புலவர் சபையிலும் இருந்த பேச்சு வீதிக்கும் கடற்கரைக்கும் வந்து சாதாரண மக்களைப் பார்த்துப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

அப்படிப் பேசியவர்களில் தலைசிறந்தவர் சுப்பிரமணிய சிவா. அன்றைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்த வத்தலக்குண்டில் 1884ல் பிறந்தவர். 1908ல் தூத்துக்குடியில் அவர் பேசினார். எதைப் பற்றி? ஹார்வி கம்பெனியின் கோரல் ஆலைத் தொழிலாளிகளுக்குக் கூலி உயர்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பேசினார். தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கம்பெனி இறங்கி வந்தது. நடுவர் தீர்ப்பும் வந்தது. 1908 ஜூலையில் சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடு கடத்தல் தண்டனை. வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு ராஜத் துரோகத்துக்கு ஒரு இருபது ஆண்டு. சிவாவுக்கு இடம் கொடுத்து ஆதரித்த குற்றத்துக்கு இன்னொரு இருபது ஆண்டு! அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனால் சிறையில் பற்றிய தொழுநோய் சிவாவை விடவில்லை. 1925ல் பாப்பாரப்பட்டியில் அவர் உயிர் பிரிந்தது.

அதே ஹார்வி கம்பெனி மதுரையில் 1892லேயே ஆலை தொடங்கியிருந்தது. 1918ல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பும் மதுரை ஆலைத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கண்டார்கள். அந்த ஆண்டே, மதுரையில் பேசிய பேச்சுக்காக வரதராஜுலு நாயுடு சிறை சென்றார். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் வாய் அடைக்கப்பட்ட மக்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். அந்த மக்கள் அவரை அன்போடு "ரோசாப்பூ துரை" என்று அழைத்தார்கள்.

இவர்கள் யாரும் மணி அடிக்கும் வரை பேசிவிட்டு இறங்கியவர்கள் அல்லர். கை அசைவுக்கு இவர்களுக்கு யாரும் மார்க் போடவில்லை. தங்கள் பேச்சைக் கேட்டு நின்ற மக்களுக்கு நாளைக் காலையில் என்ன நேரும் என்ற பொறுப்போடு பேசினார்கள்.

"மேடைப் பயம் போகிறதே!"

போட்டி நடத்தும் நண்பர்கள் நம்மிடம் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. "பிள்ளைக்கு மேடைப் பயம் போகிறது. பெண் குழந்தைக்கு வீட்டை விட்டு வெளியே வந்து பேச வேறு எங்கே இடம் கிடைக்கிறது? நாளைக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வில் உதவுமே!" என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. மறுக்க மாட்டோம். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில் முழு உண்மை இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் மகள் உரக்கச் சிரித்தாலே அதட்டல். அவளை நாலு பேர் முன் நிறுத்தி "பேசு அம்மா" என்று சொல்லும் முதல் இடம் பள்ளி மேடையாகத்தான் இருக்கிறது. அந்த மேடையைப் பறிக்க நினைப்பவன் மடையன்.

ஆனால் பயம் ஒன்றா, இரண்டா? ஒலிபெருக்கியைக் கண்டு வரும் பயம் ஒன்று. பத்து முறை ஏறினால் போய்விடும். மேஸ்திரியைக் கண்டு, அதிகாரியைக் கண்டு, ஊர்ப் பெரிய மனிதரைக் கண்டு வரும் பயம் வேறு. கோப்பை வாங்கிய பெண் படிப்பை நிறுத்திவிட்டுப் பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். மேலதிக நேரத்துக்குக் கூலி எங்கே என்று அவளால் கேட்க முடிகிறதா? முடியவில்லையென்றால் அவளுக்கு நாம் கற்றுக் கொடுத்தது பேச்சல்ல, ஒப்பித்தல்.

நேர்முகத் தேர்வு என்கிறார்கள். 1924ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் தோன்றிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இன்று உலகமெங்கும் பரவியிருக்கின்றன. பேச்சாளர் எத்தனை தடவை "ஆ... ம்..." என்று இழுத்தார் என்று எண்ணுவதற்கே அங்கே ஓர் ஆள் உண்டு. முறையான பயிற்சிதான், உத்தியோகத்துக்கு உதவும்தான். ஆனால் தட்டுத் தடுமாறி இழுத்து இழுத்துப் பேசினாலும் உண்மையைச் சொல்லும் ஒரு கிழவியின் வாக்கு, வழவழவென்று ஓடும் பொய்யைவிட மேலானது. இதைச் சொல்லிக் கொடுக்க எந்த மன்றத்தில் ஆள் வைத்திருக்கிறார்கள்?

மேலூர் மக்கள் எந்தப் போட்டியில் வென்றார்கள்?

சமீபத்திய உதாரணம் சொல்லுகிறோம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போனதாக 2024 நவம்பர் 7ந் தேதி செய்தி வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. என்ன செய்தார்கள் மக்கள்? நவம்பர் 23ந் தேதி கிராம சபைகளில் எழுந்து நின்று பேசினார்கள், தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ந் தேதி சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ந் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். ஜனவரி 23ந் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மக்களின் உச்சரிப்புக்கு யார் மார்க் போட்டார்கள்? அவர்களுக்குக் கண்மாய் தெரியும், பாறை தெரியும், வயல் தெரியும். தெரிந்ததைச் சொன்னார்கள். கேட்க வேண்டியவர்களிடம் சொன்னார்கள். பதில் வரும் வரை சொன்னார்கள். பேச்சுக்கலைக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் வேண்டுமா?

மன்றங்களே, இதைச் செய்யுங்கள்

ஒரு காலத்தில் மன்றம் என்றால் படிப்பகம். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், சுற்றியிருப்பவர்கள் வாதாடுவார்கள். இன்று "மனமகிழ் மன்றம்" என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் எப்.எல்.2 உரிமத்தோடு மது விற்பனை நடக்கிறது! மன்றம் என்ற சொல்லை மீட்க வேண்டுமானால் வாலிபர்கள்தான் மீட்க வேண்டும். நம் யோசனைகள் இவை:

ஒன்று: நுழைவுக் கட்டணத்தை ஒழியுங்கள். வெளியூர்ப் பிள்ளைக்குப் பஸ் செலவைக் கொடுங்கள். கோப்பைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் பணம் அதற்குப் போதும்.

இரண்டு: தலைப்பைத் தெருவிலிருந்து எடுங்கள். "எங்கள் வார்டில் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது?" "எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய் என்ன ஆயிற்று?" பிள்ளை நாலு வீட்டுக்குப் போய் விசாரித்து வந்து பேசட்டும். தலைவர்களைப் பற்றியும் பேசட்டும். ஆனால் அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று பேசட்டும்.

மூன்று: மூன்று நிமிஷப் பேச்சுக்கு மூன்று நிமிஷக் கேள்வி. சபையிலுள்ள யாரும் கேட்கலாம். மார்க்கில் பாதி பதிலுக்கு. இரவல் பேச்சு அப்போதே வெளிப்பட்டுவிடும்.

நான்கு: நடுவர் வரிசையில் ஆசிரியரோடு ஒரு துப்புரவுத் தொழிலாளியையும், ஒரு விவசாயியையும், ஒரு தாயையும் உட்கார வையுங்கள். அவர்களுக்குப் புரிந்ததா, இல்லையா? அதுதான் பரீட்சை.

ஐந்து: மாதிரிக் கிராம சபை நடத்துங்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரத்துக்கு வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2022ல் விதிகள் வந்துவிட்டன. அங்கே எழுந்து நின்று என்ன கேட்பது, தீர்மானத்தை எப்படி எழுதுவது, எழுதியது பதிவேட்டில் ஏறியதா என்று எப்படிப் பார்ப்பது? இவற்றைப் பதினைந்து வயதில் பழகினால், பதினெட்டு வயதில் அவரை யாரும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட முடியாது.

ஆறு: போட்டியில் வந்த குறைகளை மனுவாக எழுதி, பேசிய பிள்ளைகளையே அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவுக்குப் பதில் வந்தால் அதை மன்றத்தின் சுவரில் ஒட்டுங்கள். வராவிட்டால், வரவில்லை என்று எழுதி ஒட்டுங்கள்.

இது நடக்காத காரியமா? ஒரு பெஞ்சு, ஒரு கரும்பலகை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம், இவ்வளவுதான் முதலீடு. கனவான்களின் தலைமை தேவையில்லை. ஹார்விபட்டியிலும் செல்லூரிலும், வாடிப்பட்டியிலும் திருமங்கலத்திலும் உள்ள வாலிபர்கள் நினைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

குழந்தையின் வாயில் நம் சொற்களைத் திணித்துவிட்டு, அது பேசிவிட்டது என்று கைதட்டியது போதும். அதன் சொந்தச் சொற்களைக் கேட்கத் தயாராவோம். அவை நமக்கு இனிக்காமல் போகலாம். நம்மையே குற்றக் கூண்டில் நிறுத்தலாம். நிறுத்தட்டும்! கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள் வளரும் ஊரை எந்தக் கம்பெனியும் எளிதில் ஏலம் போட முடியாது.