முன் ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன்

அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரை விற்ற செவ்ரலே பிக்அப்புகளைப் பழைய வண்டிப் பிரியர்கள் ‘ஸ்கொயர் பாடி’ என்று அழைக்கிறார்கள். சி10 என்றால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும்; கே10 என்றால் நான்கும் இழுக்கும். ஒரு பழைய கே10-ஐ வாங்கியவருக்குக் கொஞ்ச நாளில் ஓர் எண்ணம் வரும். சேற்றிலும் பனியிலும் போகப் போவதில்லை, பெட்ரோல் செலவும் கட்டுப்படியாகவில்லை, இதை இரு சக்கர இயக்கமாக மாற்றிவிட்டால் என்ன? யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: “முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்று, வேலை முடிந்தது.” இந்தப் பதில் சில வண்டிகளுக்குப் பொருந்தும். சில வண்டிகளில் ஆளையே கொல்லக்கூடும். எந்த வண்டிக்கு எது என்பதை ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் சொல்லும்.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, எஞ்சினின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. 1970-களின் கே10-களில் முக்கியமாக இரண்டு வகை வந்தன. ஒன்று என்.பி. 205. வார்ப்பிரும்புக் கூடு, உள்ளே முழுக்கப் பல்சக்கரம். லிவரை ‘2எச்’ நிலையில் வைத்தால் முன் பக்கத்துக்குச் சக்தி போகாது. வண்டி பின்சக்கரங்களால் மட்டும் ஓடும். மற்றது என்.பி. 203. முன் பக்கத்தைச் செயினால் சுற்றுவது. இதில் இரு சக்கர நிலை என்பதே கிடையாது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுவதால், அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள பெட்டிக்குள்ளேயே ஒரு நடு டிஃபரன்ஷியல் இருக்கிறது. சறுக்கும் தரையில் அதைப் பூட்டிக்கொள்ள ‘லாக்’ நிலைகள் உண்டு. லிவரில் ‘லாக்’ இருந்தால் 203. ‘2எச்’ இருந்தால் 205.

இப்போது 203 உள்ள வண்டியில் முன் ஷாஃப்டைக் கழற்றுவோம். நடு டிஃபரன்ஷியலின் ஒரு வாயில் சுமையே இல்லை. இன்னொரு வாயில் இரண்டு டன் வண்டி. திறந்த மடை இருக்கும்போது தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறாது. சக்தி முழுவதும் வெறும் வாயைச் சுற்றிவிட்டுப் போகும். எஞ்சின் இரையும், வண்டி நகராது. லிவரை ‘லாக்’ நிலையில் போட்டால்தான் நகரும். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது: அதே வண்டியை ஒரு சரிவில் நிறுத்தி, ‘லாக்’ நிலையிலிருந்து எடுத்துவிட்டு, ஆட்டோமேடிக் கியரை ‘பார்க்’கில் போட்டால் அந்தப் ‘பார்க்’ வண்டியைப் பிடிக்காது. கியர் பாக்ஸ் பூட்டியிருக்கும். ஆனால் பின்சக்கரம் உருள, வெறுமையாய் இருக்கும் முன் வாய் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு அதற்கு வழி விட்டுவிடும். கை பிரேக் தேய்ந்த பழைய வண்டி என்றால் அடியில் வேலை செய்பவரின் மேலேயே உருளும். முன் ஷாஃப்ட் இல்லாத 203 வண்டியை வாங்குபவருக்கு இதை வாயால் சொல்வது போதாது. டேஷ்போர்டில் எழுதி ஒட்ட வேண்டும்.

என்.பி. 203 பரவிய காலமும் பொல்லாத காலம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974 தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைல் வேகவரம்பு வந்தது. எந்நேரமும் முன் அச்சைச் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி உரிமையாளர்களுக்குக் கசந்தது அப்போதுதான். அதற்கு மருந்தாக வந்தவை பகுதிநேர மாற்று கிட்டுகள். நடு டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு, பின் ஷாஃப்டை நேரடியாகப் பூட்டும் பாகத்தை வைப்பார்கள். முன்சக்கரங்களில் கையால் திருகும் லாக்கிங் ஹப் மாட்டுவார்கள். ஹப்பைத் திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் உருளும்; உள்ளே இருக்கும் அச்சுத்தண்டும் கிரவுனும் ஷாஃப்டும் அசையாமல் கிடக்கும். இந்த ஹப் யோசனை அதைவிடப் பழையது. போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலைக்கு ஏற்றதாக்க ஆர்தர் வார்ன் 1948-இல் இதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். ஜெனரல் மோட்டார்ஸும் 1980-களின் தொடக்கத்துக்குள் 203-ஐக் கைவிட்டுப் பகுதிநேர என்.பி. 208-க்கு மாறியது.

ஆகவே பெட்ரோல்தான் கவலை என்றால், 205 வண்டிக்கு ஹப்பைத் திறந்து 2எச்-இல் ஓட்டுவதே போதும். அதற்கு மேல் முன் அச்சையே பிடுங்கி எறிந்தால் மிச்சமாவது எடை மட்டும். எடை குறைவது நல்லதுதான், ஆனால் ஓவர்டிரைவ் இல்லாத கியர் பெட்டியும் அகலமான டயரும் குடிக்கும் பெட்ரோலை அது மிச்சப்படுத்தித் தராது.

உயரம் குறைய வேண்டும், சி10 போலத் தாழ்ந்து நிற்க வேண்டும் என்பவர்களின் ஆசை வேறு. அவர்கள் இறங்குவது முழு மாற்றத்தில். கே10-இன் முன்புறம் பட்டை ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் ஒரே முழு அச்சு. சி10-இல் இரு சக்கரமும் தனித்தனியே காயில் ஸ்பிரிங்கில் ஆடும், அந்தப் பாரம் முழுவதையும் ஒரு கனமான குறுக்குச் சட்டம் தாங்கும். அந்தச் சட்டத்தைச் சேஸிஸில் மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும்; பிசகினால் எந்த அலைன்மென்ட் கடையும் சரிசெய்ய முடியாது. ஸ்டியரிங் பாக்ஸும் மாறும், ஏனென்றால் கே10-இல் அதன் கை முன்னும் பின்னும் தள்ளும், சி10-இல் பக்கவாட்டில் இழுக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போன இடத்துக்குக் கியர் பாக்ஸின் வெளித்தண்டும் வால்கூடும் மாற்ற வேண்டும், ஸ்பீடாமீட்டர் பல்சக்கரத்துக்குப் புது இடம் வேண்டும், பின் ஷாஃப்ட் நீள வேண்டும். கே10 சக்கரத்துக்கு 6 போல்ட், சி10 சக்கரத்துக்கு 5. பின் அச்சையும் சேர்த்து மாற்றாவிட்டால் ஒரே வண்டிக்கு இரண்டு வகை ஸ்டெப்னி வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்தாலும், 1980 வரை வந்த வண்டிகளின் அடையாள எண்ணில் இரண்டாவது எழுத்து ‘கே’ என்றே இருக்கும். வாங்க வருபவர் அதைப் படித்துவிட்டுக் குனிந்து அடியில் பார்ப்பார்.

என் தீர்ப்பு இதுதான். 205 இருந்தால் எதையும் கழற்றாதீர்கள். 203 இருந்தால் கிட் போடுங்கள், அல்லது நல்ல 205 ஒன்றைத் தேடிப் பூட்டுங்கள். தாழ்ந்த வண்டிதான் வேண்டும் என்றால் கே10-ஐ விற்றுவிட்டு ஒரு சி10 வாங்குங்கள். செலவும் குறைவு, நல்ல நான்கு சக்கர வண்டி ஒன்றும் பிழைக்கும். எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால், கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டுக் கட்டி எண்ணெய் தடவி வையுங்கள்; வண்டியை விற்கும்போது அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.