தகவல் ஓடட்டும், திருத்தமும் கூடவே ஓடட்டும்

வீட்டில் ஒருவர் இறந்தால் துக்கம் ஆறுவதற்குள் அலைச்சல் தொடங்கிவிடுகிறது. வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், பட்டா மாற்றம் என்று ஒவ்வொரு மேசையிலும் அதே இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுக்க வேண்டும். பதிவு செய்ததும் அரசு, அந்தத் தகவலைத் தன் துறைகளுக்குத் தானே சொல்லிக்கொள்ளாதா?

சொல்லிக்கொள்ளச் சட்டம் வந்துவிட்டது. 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுகள் தேசியத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, பாஸ்போர்ட் போன்றவற்றைப் பராமரிப்போருக்கு, மத்திய அரசின் ஒப்புதலோடு இந்தப் பதிவுகளைத் தரலாம். மக்கள்தொகைப் பதிவேடும் அந்தப் பட்டியலில் இருப்பது உறுத்துகிறது. அதைத் தனியே பேச வேண்டும். மற்றபடி இந்த இணைப்பை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் தமிழ்நாட்டுப் பெயர்கள் கணினிக்கு லேசில் பிடிபடுவதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். முருகன் ஓர் அட்டையில் முருகன் எஸ்., இன்னொன்றில் முருகன் சுப்பையா. லட்சுமிக்கு ஆங்கில எழுத்துகள் ஆவணத்துக்கு ஆவணம் வேறு. இன்று ஓர் அலுவலகத்தில் விழும் பிழை அங்கேயே கிடக்கிறது. இணைப்பு வந்தபின் அது எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும். திருத்தத்துக்கு மட்டும் மக்கள் படியேற வேண்டும்.

2022-ல் ஹரியானாவில், பதிவேட்டில் இறந்தவராகிவிட்டதால் ஓய்வூதியம் நின்றுபோன, நூறு வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், மாப்பிள்ளை ஊர்வலம்போல மேளதாளத்தோடு வந்து தான் உயிரோடிருப்பதைக் காட்டினார். நாடே சிரித்தது. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், 90 நாளில் பதில் வரும் என்கிறது திருத்தச் சட்டம். முதியோர் ஓய்வூதியத்தில் அடுப்பெரிக்கும் பாட்டிக்கு 90 நாள் என்பது மூன்று மாதப் பட்டினி.

எனவே, தரவு பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் எந்த உதவியையும் நிறுத்தக் கூடாது. முதலில் கிராம நிர்வாக அலுவலர் நேரில் போய் ஆளைப் பார்க்கட்டும். பதிவாளரிடம் ஒரு முறை திருத்தினால், தகவல் பெற்ற எல்லாத் துறைகளிலும் அது தானாகத் திருந்த வேண்டும். நம் பதிவை எந்தத் துறை, எதற்காக எடுத்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

மாநில அரசு தன் நிதியில் தரும் உதவிகளைப் பொறுத்தவரை இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். தமிழக அரசு அதை உடனே பிறப்பிக்க வேண்டும்.