கேனின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து மாணவர்களுக்கு லாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சொந்த வீட்டில் இல்லாவிட்டாலும் தெருவில் ஒன்றாவது நிற்கும். அந்த லாரிக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டால், கூடவே ஒரு வாக்குவாதமும் வந்துவிடும். "இருபது வருஷமாக இந்தக் கம்பெனி ஆயில்தான் ஊற்றுகிறோம், மாற்றக் கூடாது" என்பார் ஒருவர். "விலை கூடியதை வாங்கினால்தான் எஞ்சின் நிற்கும்" என்பார் மற்றொருவர். "எல்லாம் ஒரே எண்ணெய்தான், விலை குறைந்ததை ஊற்று" என்பார் மூன்றாமவர்.

மூவருமே கேனின் முன்புறத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். அங்கே இருப்பவை பெயரும் படமும் வண்ணமும். அவர்கள் தேடும் விடையோ பின்புறத்தில், சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது. முதலில் பின்புறத்தைப் படிக்க வேண்டும், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி.

இது வெறும் கடைத்தெரு விவகாரம் அன்று. ஒரே ஒரு லாரியைக் கடனுக்கு வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். பேரிங் தேய்ந்து எஞ்சினை இறக்கி வேலை பார்க்க நேர்ந்தால் வண்டி ஓடாது; கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, சரியான எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் காப்பது ஆகும்.

எண்ணெய் செய்யும் வேலை

எண்ணெய் வழுக்கும், அதனால் உராய்வு குறையும் என்று நாம் பொதுவாகச் சொல்லி விடுகிறோம். உண்மை இதைவிடச் சுவையானது. 1880-களில் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக் கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. துளையை ஒரு கட்டையால் அடைத்தார். எண்ணெய் அந்தக் கட்டையை மெல்ல வெளியே தள்ளிவிட்டது! அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, அச்சின் மீதிருந்த சுமை தரும் சராசரி அழுத்தத்தைக் காட்டிலும் எண்ணெயின் அழுத்தம் இரு மடங்குக்கு மேல் இருந்தது தெரிந்தது.

இதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வகுத்துத் தந்தார். சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டிய எண்ணெயை இழுத்துச் சென்று குறுகலான இடைவெளியில் ஆப்பு போல் செருகுகிறது. அங்கே எழும் அழுத்தம் அச்சையே தூக்கி நிறுத்துகிறது. அதாவது, நன்கு இயங்கும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் உலோகத்தின் மீது உட்கார்ந்திருக்கவில்லை; தலைமயிரின் தடிப்பைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. அந்தப் படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசும், தேய்மானம் தொடங்கும்.

படலம் அறுவதும் அறாததும் எண்ணெயின் பாகுநிலையைப் பொறுத்தவை. கம்பெனியின் பெயரை பேரிங் அறியாது.

எண்கள் சொல்வது என்ன?

கேனில் "15 டபிள்யூ-40" என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். இது எஸ்.ஏ.இ. எனப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் குறியீடு. இச்சங்கம் 1911-ஆம் ஆண்டிலேயே எண்ணெய்களை அவற்றின் பாகுநிலையைக் கொண்டு வகைப்படுத்தத் தொடங்கியது.

வெல்லப்பாகு சூடாக இருக்கும்போது நீர்போல ஓடும்; ஆறினால் கெட்டிப்படும். எண்ணெயும் அப்படியே. 15 டபிள்யூ-40 எண்ணெயின் பாகுநிலை, மே மாத வெயிலளவான 40 டிகிரி செல்சியசில் 100 அலகுக்கும் சற்று மேலே இருக்கும். எஞ்சின் சூடேறி எண்ணெய் 100 டிகிரியை எட்டும்போது அது ஏறத்தாழ 14 அலகாகக் குறைந்துவிடும். (இங்கே அலகு என்பது நொடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர். 20 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை சுமார் 1 அலகு.) "40" என்ற எண், 100 டிகிரியில் இந்த அளவு 12.5-க்குக் குறையாமலும் 16.3-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். அந்த எண் "30" என்றிருந்தால் எண்ணெய் அதைவிட நீர்த்தது.

"டபிள்யூ" என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறிதாகச் சிறிதாக, கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். "15 டபிள்யூ" எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். கரூரிலும் சேலத்திலும் ஓடும் வண்டிக்கு அத்தகைய குளிர் ஒருபோதும் வராது. லடாக் மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு வரும். ஆகவே, குளிர்காலத்தைச் சொல்லி விற்கப்படும் எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்குமுன், "என் வண்டி எங்கே ஓடுகிறது?" என்று கேட்டுக் கொள்ள வேண்டும். எஞ்சின் தயாரித்தவரின் கையேடே அதைக் கேட்டால் அது வேறு.

எழுத்துகள் சொல்வது என்ன?

எண்கள் பாகுநிலையை மட்டுமே கூறும். எஞ்சின் எண்ணெயில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். மிச்சம் வேதிச் சேர்மானங்கள். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம், அமிலத்தை முறிக்கும் காரப் பொருள், புகைக்கரியைத் திரளவிடாமல் பிரித்து வைக்கும் பொருள் எனப் பல உண்டு. இவை போதிய அளவில் உள்ளனவா என்பதைச் சொல்வது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின், அதாவது ஏ.பி.ஐ.யின், எழுத்துக் குறி.

"எஸ்" என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. "சி" என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு உரியது. டீசலில் சி.எச்.-4 1998-இலும், சி.ஐ.-4 2002-இலும், சி.ஜே.-4 2006-இலும், சி.கே.-4 2016-இலும் வந்தன. கடைசியில் உள்ள 4, நான்கு வீச்சு எஞ்சினைக் குறிக்கும்.

இந்த எழுத்தில் தவறினால் என்ன ஆகும்? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்படி வந்த டீசல் லாரிகளின் புகைக்குழாயில் நுண்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியைச் சூடாக்கி எரித்துவிடலாம். ஆனால், எண்ணெயிலுள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை எரிக்க முடியாது. அது தங்கி வடிகட்டியை அடைத்துவிடும். அதனால்தான் சி.ஜே.-4, சி.கே.-4 வகைகளில் சாம்பல் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என வரம்பிட்டார்கள். புதிய லாரிக்குப் "பழகிய கம்பெனி"யின் பழைய வகை எண்ணெயை ஊற்றினால், பெயர் சரியாக இருந்தும் எண்ணெய் தவறாகிவிடும்.

அடுத்த எழுத்து வந்தாலே உயர்ந்தது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. சி.கே.-4 வந்தபோதே எஃப்.ஏ.-4 என்ற நீர்த்த வகையும் வந்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக அதற்கென வடிவமைத்த எஞ்சின்களுக்கு மட்டுமே அது பொருந்தும். எந்த எஞ்சினுக்கு எது என்பதை அறியக் கையேட்டைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அனுபவம் பொய்யா?

"இருபது வருஷ அனுபவம் பொய்யா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். பொய் அன்று; ஆனால், சோதனையும் அன்று. ஒரு லாரியின் எஞ்சின் நீடிப்பதற்குச் சுமை, சாலை, ஓட்டுநரின் கைப்பக்குவம், காற்று வடிகட்டியின் தூய்மை, எண்ணெயைக் காலத்தில் மாற்றியது எனப் பல காரணங்கள் உண்டு. இவற்றில் எண்ணெயின் பங்கை மட்டும் பிரித்தறிய, மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஏ.பி.ஐ. தரத்துக்கான சோதனைகளில் குறிப்பிட்ட எஞ்சின்களை மேடையில் பூட்டி, வரையறுத்த வேகத்திலும் சுமையிலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பிறகு பிரித்து அளக்கிறார்கள். அந்த உழைப்பின் முடிவுதான் கேனின் பின்புறத்திலுள்ள மூன்று எழுத்தெண்கள்.

அனுபவம் ஏமாற்றும் இடத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிட்டால், "ஆயில் மட்டம்" என்று பலர் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். டீசல் எஞ்சினில் கரி உண்டாகத்தான் செய்யும். அதைத் தன்னுள் ஏந்தி வைத்திருக்கும் எண்ணெய் கறுக்கத்தான் வேண்டும். கறுக்காவிட்டால் கரி எஞ்சினுக்குள் படிகிறதோ என்றல்லவா ஐயுற வேண்டும்!

அப்படியானால் பெயர் எதற்கு?

பெயருக்கும் ஒரு வேலை உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. கேனின் மேல் எழுதியதே கேனுக்குள்ளும் இருக்கிறது என்ற உறுதிதான் அது. போலி எண்ணெய் உலவும் சந்தையில் அந்த உறுதி சிறிதன்று. முத்திரை உடையாத கேன், ரசீது தரும் கடை, பொறுப்பேற்கும் கம்பெனி ஆகியவற்றுக்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது அறிவுடைமையே. ஆனால், ஒரே எஸ்.ஏ.இ. எண்ணும் ஒரே ஏ.பி.ஐ. எழுத்தும் உடைய இரண்டு நம்பகமான எண்ணெய்களுள் ஒன்று மட்டுமே எஞ்சினைக் காக்கும் என்று சொல்ல அறிவியலில் ஆதாரமில்லை. உலகின் எண்ணெய்க் கம்பெனிகள் பல. அவற்றுக்குச் சேர்மானங்களை ஆக்கித் தருபவையோ பெரும்பாலும் நான்கு பெரிய நிறுவனங்கள்தாம்.

பெயரின் இயல்பைக் காட்ட ஒரு சிறு வரலாறு. நம் முன்னோர் வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மையிட்டனர். இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு கம்பெனியும் தன் எஞ்சின் எண்ணெயில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவி 1909-இல் அதற்கு 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டது. பெயர் இன்றும் நிற்கிறது. இன்று அந்தப் பெயரில் லாரிக்கு விற்கும் எண்ணெயில் ஆமணக்கைத் தேடிப் பயனில்லை. பெயர் நிலைத்திருக்கும்போதே உள்ளிருப்பது மாறிவிடலாம். மாற்றத்தைச் சொல்வது பின்புற எழுத்துத்தான்.

ஒரு கோரிக்கை

இத்தனை முக்கியமான செய்தி நம் லாரிக்காரர்களில் பலருக்கு எட்டாமல் இருப்பதற்கு அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டாய விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும். தமிழில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இது எந்த எஞ்சினுக்கு, எந்த விதிக்கால வண்டிக்கு" என்று ஒரே ஒரு வரி தமிழில் இருந்தால் எத்தனை எஞ்சின்கள் பிழைக்கும்! தமிழ்நாட்டில் விற்கும் கம்பெனிகள் இதைத் தாமே முன்வந்து செய்யலாம். பாகுநிலையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் ஒரு காலிக் கேனை வகுப்புக்குக் கொண்டுவரலாம்.

அதுவரை மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தாம், மாணவர்களே! அடுத்த முறை வீட்டு வண்டிக்கோ, டிராக்டருக்கோ, அண்டை வீட்டு மாமாவின் லாரிக்கோ ஆயில் மாற்றும்போது மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் கையேட்டில் எஞ்சினுக்கு உரிய எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். அடுத்து, கேனின் பின்புறத்தில் அதே எண்ணும் எழுத்தும் உள்ளனவா என்று ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்திய பிறகு விலையையும் கடையையும் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும். நீங்கள் படித்துக் காட்டும் அந்த இரண்டு வரிகளில் ஒரு குடும்பத்தின் வண்டி இன்னும் பல ஆண்டு ஓடக்கூடும்.