மானியம் புதுசுக்கு, காயலான் கடை பழசுக்கு

பழைய அவுட்போர்ட் மோட்டாரைக் காசு கொடுத்து வாங்கி, கழற்றி, துடைத்து, மறுபடி ஓட வைக்கிறவனுக்கு நம்மூரில் ஒரே பேர்தான்: வேலையத்தவன். பொழுதுபோக்குன்னு சொன்னா, "ஸ்டாம்ப் சேர்க்கலாமே, கையில கிரீஸ் ஒட்டாது" என்கிறார்கள். கொஞ்சம் படித்த நண்பர்கள் என்றால் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பார்கள். ஆபீஸில் போய்க் கேட்டால் புது மோட்டாருக்கு ஃபாரம் நீட்டுவார்கள். இந்த மூணு கோஷ்டிக்கும் சேர்த்து பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பொறுமை இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம் :-)

முதல்ல, தெரியாதவங்களுக்காக. படகுக்குள்ளே பொருத்தாமல், பின்பக்கப் பலகையில் வெளியே மாட்டுகிற மோட்டார்தான் அவுட்போர்ட். மேலே இன்ஜின், நடுவிலே தண்டு, அடியிலே கியர், புரொப்பல்லர். வேலை முடிஞ்சா கழற்றித் தோளில் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்கிற நார்வேக்காரர் இதை நல்லா ஓடுகிற, விற்கிற சரக்காக ஆக்கினார். இங்கிலாந்தில் 1931-ல் பிரிட்டிஷ் சீகல் வந்தது. கயிறைச் சுற்றி இழுத்து ஸ்டார்ட் பண்ற, மூடி கீடி ஒண்ணும் இல்லாத முரட்டு மோட்டார். அப்புறம் யமஹா, சுசுகி. நம்ம பக்கத்துக்கு வந்த ஜப்பான் மோட்டார்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோலைச் சொட்டு சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவங்க அவங்க. அதே வித்தைதான். பஞ்சம் வந்தால் தெரியும், கழற்றிப் பூட்டத் தெரிஞ்ச கையோட அருமை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பேசின் பிரிட்ஜ்னு சொன்னா நம்ம மக்களுக்கு ஞாபகம் வருவது ஒண்ணுதான். சென்ட்ரலுக்கு வர்ற ரயில் எல்லாம் வாசல் வரைக்கும் வந்துட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கற இடம். ஆனா அந்தப் பேரில் இருக்கிற 'பேசின்' ரயில் சமாச்சாரம் இல்லை சாமி, படகு சமாச்சாரம். 1806-ல் கோக்ரேன் என்கிற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்ட ஆரம்பிச்ச கால்வாய், படகுகள் வந்து நிற்கிற துறை இதெல்லாம்தான் இந்த ஏரியாவோட பூர்வீகம். உப்பும் விறகும் படகில் வந்து இறங்கின இடம். பக்கத்து கூட்ஸ் யார்டுக்கு இன்னிக்கும் சால்ட் கொட்டார்ஸ்னுதான் பேரு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்ட வந்த ஜனங்க உழைப்பில் அந்தக் கால்வாய் நீண்டது. 1878-ல் கவர்னர் பக்கிங்ஹாம் பேரை வெச்சுட்டாங்க. வெட்டினவன் பேரு? அதெல்லாம் யாரு கேட்டா!

இப்போ அந்தக் கால்வாயில் என்ன ஓடுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு இருக்கறவங்களுக்குத் தெரியும். படகு போன வழியை சாக்கடை ஆக்கினோம். அதே புத்திதான் இப்போ படகு மோட்டார் மேலயும் பாயுது.

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஓடித் தீர்ந்த மோட்டார்கள் இந்தப் பக்கத்து காயலான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. கடைக்காரருக்கு அது மோட்டார் இல்லை. அலுமினியம் இவ்வளவு, காயில்ல இருக்கற செம்பு இவ்வளவு, பித்தளை இவ்வளவு. தராசில் ஏறின உடனே ஒரு சுத்தியல். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தொழில் அது. அந்த மோட்டாரை அங்கே அனுப்பின ஏற்பாடு மேலதான் எனக்குக் கோபம்.

அது என்ன ஏற்பாடு? நாட்டுப்படகுக்கு மோட்டார் மாட்ட அரசு மானியம் 1980களிலிருந்து இருக்கு. நல்ல விஷயம், மறுக்கவில்லை. துடுப்பும் பாயும் மட்டும் வெச்சிருந்தவனுக்கு அது பெரிய விடுதலை. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பைபர் படகும் மோட்டாருமாக இறக்கினார்கள். கட்டுமரம் இருந்த கரையெல்லாம் பைபர் ஆனது. ஆனா இந்த மொத்தக் கதையிலும் காசு எதுக்குப் போச்சுன்னு பாருங்க. வாங்கறதுக்கு. பழுது பார்க்கறதுக்கு? ஸ்பேர் பார்ட்ஸுக்கு? கரையோரம் உட்கார்ந்து கார்புரேட்டர் கழற்றுகிற மெக்கானிக்குக்கு ஒரு கூரை, ஒரு நல்ல டூல் செட்? எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்குகள் எல்லாம் ஓலைக் கொட்டகையிலேயும் தார்ப்பாய்க்கு அடியிலேயும்தான் இருக்காங்க.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாப் படிஞ்சதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அரசு அறிவிச்ச நிவாரணம் 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரி செய்யத் தலா 10,000 ரூபாய். அவுட்போர்ட் மோட்டார் தன்னைக் குளிர வெச்சுக்கறதே சுத்தி இருக்கற தண்ணியை உறிஞ்சித்தான். அந்தத் தண்ணியோட எண்ணெயும் சகதியும் உள்ளே போனா, இம்பெல்லர், குழாய், தெர்மோஸ்டாட் வரைக்கும் கழற்றிச் சுத்தம் பண்ணணும். படகையும் கழுவி, இதையும் செய்ய அந்தப் பத்தாயிரம் எந்த மூலைக்கு? அந்த நேரத்தில் அந்த ஊருக்கு வேண்டியது புது மோட்டார் கேட்லாக் இல்லை. கழற்றிக் கழுவி மாட்டத் தெரிஞ்ச பத்து கை.

இப்போ எதிர்க்கேள்விகள்.

"பழசை வெச்சு என்னய்யா பண்ணப் போறே, அது என்ன தஞ்சாவூர் கோயிலா?"

பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்து ஏரியாதானே பெரம்பூர். அங்கே லோகோ ஒர்க்ஸில் என்ன பண்ணாங்க தெரியுமா? இங்கிலாந்தின் லீட்ஸில் 1855-ல் செஞ்ச இ.ஐ.ஆர்-21 என்கிற நீராவி இன்ஜின். பல வருஷம் வெறும் காட்சிப் பொருளா நின்னு துருப்பிடிச்சுக் கிடந்தது. காணாமல் போன பாகங்களை எல்லாம் புதுசாச் செஞ்சு, 2010-ல் மறுபடி தண்டவாளத்தில் ஓட விட்டார்கள். பத்திரிகைக்காரங்க படம் எடுத்தாங்க. ஜனங்க கை தட்டினாங்க. நானும் தட்டினேன். யாரும் அவங்களை வேலையத்தவன்னு சொல்லலை. ஏன்னா அது ரயில், சர்க்கார் சொத்து, வெள்ளைக்காரன் விட்டுப் போன பெருமை. மீனவன் தோளில் சுமந்த மோட்டார்னா மட்டும் காயலான் கடையா? ரயிலுக்கு மியூசியம் இருக்கு. இந்தக் கடற்கரையின் வாழ்க்கையையே மாத்தின மோட்டாருக்கு ஒரு ஷெல்ஃபாவது வேணாமா?

"டூ ஸ்ட்ரோக் புகை கக்குமே, கடல் நாறிடுமே?"

இது நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். கார்புரேட்டர் வெச்ச டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருளின் கால்வாசி வரைக்கும் எரியாமலே வெளியே போகும். அமெரிக்காவில் டாஹோ ஏரியில் 1999-லேயே இந்த ரகத்துக்குத் தடை போட்டார்கள். பழைய சீகல்களுக்கு பத்துக்கு ஒண்ணு என்கிற கணக்கில் ஆயில் கலக்கணும். பிற்கால டூ ஸ்ட்ரோக்குகளுக்கு ஐம்பதுக்கு ஒண்ணு போதும். அதனால், எல்லாரும் சீகல் மாட்டிக்கிட்டு தினமும் தொழிலுக்குப் போங்கன்னு நான் சொல்லவே இல்லை. அந்த மாதிரி கிழவர்கள் மாசத்துக்கு ஒரு நாள், கால் மணி நேரம் டிரம் தண்ணியில் ஓடினாப் போதும். ஆனா இன்னிக்கும் தொழிலில் இருக்கிற டூ ஸ்ட்ரோக்குகள் கடலில் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதுல புகையைக் குறைக்கிறது எது? சரியா செட் பண்ணின கார்புரேட்டர், சரியான ஆயில் கணக்கு, தேயாத பிஸ்டன் ரிங். அதாவது நல்ல மெக்கானிக். மெக்கானிக்கைப் பட்டினி போட்டுட்டு புகையைப் பத்தி லெக்சர் அடிக்கிறது என்ன நியாயம்?

"புதுசு வாங்கினா வாரண்டி இருக்கே?"

இருக்கு. முடியற வரைக்கும் இருக்கு. கம்பெனியே இருக்குமாங்கிறது அடுத்த கேள்வி. மேலே சொன்ன எவின்ரூட்டையே எடுத்துக்கங்க. நூறு வருஷத்துக்கு மேல ஓடின பேரு. 2020 மே மாசம் அதை வெச்சிருந்த கம்பெனி அவுட்போர்ட் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அப்புறம் வெச்சிருக்கறவனைக் காப்பாத்தறது வாரண்டி சீட்டா, அதைக் கழற்றத் தெரிஞ்ச ஆளா? இன்னொண்ணு, எடை. எட்டு குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் 30 கிலோவுக்குள் வரும். அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 40 கிலோவை ஒட்டி நிற்கும். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பார்த்தா 10 கிலோ வித்தியாசம் ஒண்ணுமில்லைதான். மணலில் தோளில் தூக்கிக்கிட்டு நடக்கறவனைக் கேளுங்க.

அடுத்து நம்ம கோஷ்டிக்கே ஒரு குட்டு. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற சிலர் மோட்டாரை வாங்கி, பெயின்ட் அடிச்சு, பித்தளையை பாலிஷ் போட்டு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிக்க வெச்சிடறாங்க. உள்ளே பிஸ்டன் பிடிச்சது பிடிச்சபடியே இருக்கும். அதுக்குப் பேரு மீட்பு இல்லைங்க, பாடம் பண்றது. கயிறை இழுத்தா ஓடணும். ஓடலைன்னா அது பொம்மை.

நிஜமா செய்ய விருப்பம் இருக்கறவங்களுக்கு நாலு வரி. காயலான் கடையில் மோட்டாரைப் பார்த்ததும் பெயின்டைப் பார்க்காதீங்க. ஃப்ளைவீலைக் கையால் சுத்திப் பாருங்க. சுத்தினா பாதி உயிர் இருக்கு. அழுத்தம் தெரிஞ்சா முக்கால் உயிர். அடியில் கியர் ஆயில் திருகைக் கழற்றுங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தா சீல் போயிடுச்சு, தண்ணி புகுந்திருக்கு, அதுக்கேத்த மாதிரி பேரம் பேசுங்க. எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணியில் சேர்ந்தா அரிச்சு ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிக்கும். அதைச் சுத்தியலால் அடிச்சா போல்ட் முறியும், கதை முடியும். சூடு காட்டணும், எண்ணெய் விடணும், ராத்திரி ஊற விடணும், மறுநாள் மறுபடி சூடு. பொறுமைதான் டூல். பழைய ரகத்தில் ஸ்பார்க் வரலைன்னா பாயின்ட், கண்டென்சர் ரெண்டையும் முதல்ல பாருங்க. இம்பெல்லரை மட்டும் பழசு நல்லாத்தான் இருக்குன்னு விடாதீங்க, புதுசு போடுங்க. கடல் தண்ணியில் ஓட்டினா ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணி டிரம்மில் அஞ்சு நிமிஷம் ஓட விட்டு உப்பைக் கழுவுங்க. இதெல்லாம் எனக்குப் புஸ்தகம் சொல்லித் தரலை. கரையில் பீடியை வாயில் வெச்சுக்கிட்டு வேலை செஞ்ச அண்ணன்மார்கள் சொல்லித் தந்தது. அவங்க பசங்க இப்போ டெலிவரி பைக் ஓட்டறாங்க. அப்பன் தொழிலில் காசு இல்லைன்னா பையன் ஏன் வருவான்?

கடைசியா, நான் கேட்கறது என்ன?

மானியத்தில் ஒரு பங்கு பழுது பார்க்கவும் ஸ்பேருக்கும் போகட்டும். பழசு ஓடற நிலையில் இருந்தா அதைச் சரி பண்ணிக்கிறவனுக்கும் உதவி உண்டுன்னு விதியை மாத்துங்க. ஐ.டி.ஐ-யில் டீசல் மெக்கானிக் படிக்கிற பையன், கரையில் இருக்கிற அனுபவஸ்தரிடம் ஆறு மாசம் வேலை பழகட்டும், அந்த அனுபவஸ்தருக்குச் சம்பளம் கொடுங்க. மோட்டார் மேனுவலைத் தமிழில் போடுங்க. இங்கிலீஷிலும் ஜப்பான் மொழியிலும் பார்த்திருக்கேன், தமிழில் ஒரு பக்கம் நான் பார்த்ததில்லை. காசிமேட்டில் ஒரு ஷெட், அதில் இருபது பழைய மோட்டார், ஒவ்வொண்ணும் ஓடற நிலையில், பள்ளிக்கூடப் பசங்க கயிறு இழுத்துப் பார்க்கிற மாதிரி. கோடிக்கணக்கில் ஆகாது. ஒரு அரசு விழாவுக்கு வைக்கிற கட்-அவுட் செலவில் முடிஞ்சிடும்.

அதுவரைக்கும் இந்த வேலையத்தவன் காயலான் கடைக்குப் போய்க்கிட்டுதான் இருப்பான். உங்க ஊர்ப் பக்கம் எங்கேயாவது, யார் வீட்டுத் தாழ்வாரத்திலாவது ஒரு பழைய அவுட்போர்ட் கோணிப்பையில் சுத்திக் கிடந்தா, தராசு வர்றதுக்குள்ளே ஒரு வார்த்தை சொல்லுங்க. ஃப்ளைவீல் சுத்துதான்னு மட்டும் முதல்ல பாருங்க மக்களே.